சுவருக்கு அப்பால் ஒன்பது பெயர்கள்

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சந்தேகம் வந்து குடியேறியது. மஃரிப் தொழுகை முடிந்ததும் இணையம் இழுபடத் தொடங்கும். நான் இணையவழிப் பௌதிகவியல் வகுப்பில் இருந்தால் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வரும். கட்டாரில் வேலை செய்யும் நானா வீடியோ அழைப்பில் வந்தால் அவருடைய முகம் பாதி சிரிப்போடு அப்படியே நின்றுவிடும்.

"எங்கட நெட்டை யாரோ இழுக்கிறாங்க போல" என்றார் வாப்பா.

யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் இரவில் போனோடு எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம். இரண்டு வாரத்தில் மூன்று தடவை கடவுச்சொல்லை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் உம்மாவின் போனில் அதை மறுபடி அடித்துக் கொடுப்பது என் வேலை. இணையம் மாறவில்லை, உம்மாதான் மாறினார். ஏதாவது இனிப்புச் செய்தால் மதிலுக்கு மேலால் ஒரு பீங்கான் நீட்டுகிறவர், அதை நிறுத்திவிட்டார். அந்தத் தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் எடுக்கிறான் என்று நானும் நம்பினேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிற நான், ஒன்றையும் பார்க்காமலே நம்பினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வீடு வவுனியாவில் மன்னார் வீதிப் பக்கம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் கம்பி இன்னும் வரவில்லை. எல்லா வீட்டிலும் சிம் போட்ட ரவுட்டர்தான். கோபுரத்தில் இருந்து ரவுட்டர் வரைக்கும் காற்று. ரவுட்டரில் இருந்து போன் வரைக்கும் அதுவும் காற்று. எங்கே பிழை என்று கேட்டால் காற்றைத்தான் பார்க்க வேண்டும். காற்றை எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது, கேட்கலாம். ஒவ்வொரு வைஃபை ரவுட்டரும் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட பத்துத் தடவை "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சிறு அறிவிப்பை எல்லாத் திசைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் அந்த வலையமைப்பின் பெயர், ரவுட்டரின் இலக்கம், எந்த அலைவரிசையில் பேசுகிறது, எந்த வகைப் பூட்டுப் போட்டிருக்கிறது என்ற விபரங்கள் இருக்கும். பெயர் 32 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. நமது போனில் வைஃபையைத் திறந்தவுடன் அயல் வீட்டுப் பெயர்கள் வரிசையாக வருவது இந்த அறிவிப்புகளால்தான். ஆனால் போன் நமக்குப் பெயரையும் மூன்று நான்கு வளைவுக் கோடுகளையும் காட்டிவிட்டு மிச்சத்தை மறைத்துவிடுகிறது. கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல அதைக்கூடக் காட்டாது. அக்கம்பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியும். நமக்குச் சொல்வதற்குத்தான் வழி வைக்கப்படவில்லை.

அந்த வழியைத் திறப்பதற்கு ரவுட்டரின் நிலைபொருளை மாற்ற வேண்டும். நிலைபொருள் என்பது ரவுட்டருக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும் மென்பொருள்; ஃபேர்ம்வெயார் என்றால் கடைக்காரருக்கு விளங்கும். நிறுவனம் எழுதியதை அழித்துவிட்டு வேறொருவர் எழுதியதை ஏற்றலாம் என்பதே எனக்கு முதலில் புதுமையாக இருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு.

2002 டிசம்பரில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டீ54ஜீ என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு கொம்பு. அடுத்த வருடம் சிலர் அதன் வயிற்றுக்குள் ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸை யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றி விற்கிறவர் தன் மாற்றங்களின் மூலக்குறிமுறையையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தில் உள்ள நிபந்தனை. கேள்வி எழுந்ததும் 2003இல் நிறுவனம் மூலக்குறிமுறையை வெளியிட்டது. அதை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டீ. பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் அந்தப் பழைய பெட்டியின் பெயரில் இருந்து வந்தவை. டீடீ-டபிள்யூஆர்டீ, டொமேட்டோ என்று வேறு சிலவும் அதே வேரில் இருந்து முளைத்தன. 2006இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் அதே வகை ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டீயை ஏற்றி, பெரிய அன்டெனாக்களை மலையில் பொருத்தி, 279 கிலோமீற்றர் தூரத்துக்கு வைஃபை இணைப்புக் கொடுத்தார். வவுனியாவில் இருந்து கொழும்பு அதைவிடக் கிட்ட!

எனக்குக் கிடைத்தது நானா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து அலுமாரியில் போட்டுவைத்த ஒரு பழைய டீபீ-லிங்க் ஆர்ச்சர் சீ7. சிம் போட்ட ரவுட்டரில் நான் கை வைக்கவில்லை. அது சேவை தரும் நிறுவனத்தின் வழியாக வந்தது, அந்த மாதிரிக்கு ஓப்பன்டபிள்யூஆர்டீயும் கிடையாது. அதன் வைஃபையை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு கம்பியால் ஆர்ச்சரோடு இணைத்து, வீட்டுக்கு வைஃபை கொடுக்கும் வேலையை ஆர்ச்சரிடம் ஒப்படைப்பதே எனது திட்டம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாதிரியின் பெயரோடு பதிப்பு இலக்கமும் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறென்றால் கோப்பும் வேறு. பழைய சிறு ரவுட்டர்கள் சிலவற்றில் நினைவகம் 4 மெகாபைட்தான். இப்போதைய பதிப்பு அதற்குள் அடங்காது.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ரவுட்டர் செத்துவிடும். இதற்கு ஆங்கிலத்திலேயே செங்கல் ஆகிவிட்டது என்றுதான் சொல்வார்களாம். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் கரண்ட் இல்லாமல் மெழுகுதிரியில் படித்த எங்களுக்கு இந்தப் பயம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாப்பாவின் கடையில் இருந்து கணினியின் யூபிஎஸ் பெட்டியைத் தூக்கிவந்து, மழை இல்லாத ஒரு காலையில், கோப்பை ஏற்றினேன். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் உம்மா குசினிப் பக்கமே போகவில்லை.

பிறகு நடந்தது மிகவும் சாதாரணம். மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து, உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் ஓப்பன்டபிள்யூஆர்டீயின் பக்கம் திறக்கும். முதலில் அதற்குக் கடவுச்சொல்லே இருக்காது. அதை வைப்பதுதான் முதல் வேலை. அடுத்தது நாட்டைத் தெரிவுசெய்வது. இலங்கையைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். வேறு நாட்டைப் போட்டால் அதிக பலத்தில் ஒலிபரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இங்கே அனுமதிக்கப்பட்ட அளவை மீறும் வழி. நாடு போட்ட பின் வயர்லெஸ் பகுதியில் ஸ்கேன் என்று ஒரு பொத்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு அதை அழுத்தினேன். அழுத்தியதும் வரவேற்பறையில் இருந்து "நெட் போய்ட்டு!" என்று தம்பி கத்தினான். ஸ்கேன் பண்ணும்போது ரவுட்டர் தன் அலைவரிசையை விட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தாவித் தாவிக் கேட்கும், அதனால் சில நொடிகள் வீட்டு இணைப்பு அறுந்து வரும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பது பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பலம், டீபீஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு. பூச்சியத்துக்குக் கிட்ட வரவரப் பலம் கூட. கழித்தல் 30 என்றால் பக்கத்திலேயே இருக்கிறது. கழித்தல் 65 வரை நன்றாக வேலை செய்யலாம். கழித்தல் 90 என்றால் ஏதோ முணுமுணுப்பு. பௌதிகவியலில் படித்த டெசிபெல் கணக்குத்தான் இது. 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்று, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. ஒன்பதில் ஏழு, கழித்தல் 70க்கும் 90க்கும் இடையில் இருந்தன. ஒன்று கழித்தல் 62. ஒன்று மட்டும் கழித்தல் 41. அது பக்கத்து வீடு.

பலத்தைவிட எனக்கு விளங்கியது அலைவரிசை நிரலில் இருந்துதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு இங்கே 13 அலைவரிசைகள் உண்டு. பதின்மூன்று என்றதும் பதின்மூன்று தனி அறைகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ்தான். ஆனால் ஒரு ரவுட்டர் பேச 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 மூன்றும்தான். எங்கள் ஒழுங்கையில் 6இல் மட்டும் ஐந்து வலையமைப்புகள் இருந்தன. நாங்களும் 6. பக்கத்து வீடு 8.

நமது பாடசாலையில் ஒரு பெரிய மண்டபத்தைத் தட்டியால் மறைத்து இரண்டு வகுப்பு நடத்துவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரே வகுப்புக்குள் முப்பது பேர் இருந்தாலும் ஒருவர் பேசி முடிய மற்றவர் பேசலாம். தாமதம் ஆகும், ஆனால் விளங்கும். வைஃபையும் அப்படித்தான், ஒரே அலைவரிசையில் இருக்கிற ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, காற்று ஓய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். தட்டிக்கு அந்தப் பக்கத்துக் குரல் வேறு விதம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காது, இரைச்சல் மட்டும் வரும். நாங்கள் கையுயர்த்தினால் அவர்களுக்குத் தெரியாது. 6இல் இருக்கும் எங்களுக்கு 8 தட்டிக்கு அந்தப் பக்கம். ஒரே அலைவரிசையில் இருப்பதைவிட அரைகுறையாகப் பக்கத்தில் இருப்பது மோசம் என்பது எனக்கு ஒரு அதிர்ச்சியாகவே இருந்தது.

அதைவிட, பக்கத்து வீட்டு வரியில் அகலம் 40 என்று இருந்தது. 8இல் தொடங்கி மேல்பக்கமாக 12 வரை அகட்டிக்கொண்டு 2437 மெகாஹேர்ட்ஸில் இருந்து 2477 வரை அது விரிந்திருந்தது. எங்கள் 6இல் பாதி அதற்குள். நான் 11க்கு ஓடினால் முழுதாகவே அதற்குள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல; தானாகத் தெரிவுசெய் என்று விட்டால் பெட்டியே தன் இஷ்டத்துக்கு உட்காரும் இடம் அது. 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போனால் இடம் தாராளம், ஆனால் அது எங்கள் சீமெந்துச் சுவரைத் தாண்ட மிகவும் கஷ்டப்பட்டது. உம்மாவின் பழைய போனுக்கு அது தெரியவே தெரியாது.

வைஃபை போகாததற்குத் தூரம்தான் காரணம் என்று நாம் எண்ணுவது போலத்தான் ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் எண்ணியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களில் அதற்குச் சிறு கண் சிகிச்சை நிலையங்கள் உண்டு. அங்கே வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் வைத்தியர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும்; கம்பி இணைப்பு இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர் சாதாரண வைஃபை ரேடியோக்களையும் திசை அன்டெனாக்களையும் கொண்டு அந்த இடங்களை இணைத்தார்கள். ஒரு கிலோமீற்றர் இணைப்பும் இருந்தது, ஆண்டிப்பட்டிக்குப் போன சுமார் 15 கிலோமீற்றர் இணைப்பும் இருந்தது. வைஃபையின் வழமையான பேச்சுமுறை அவ்வளவு தூரத்துக்குச் சரிவரவில்லை. அனுப்பிய பொதிக்கு "கிடைத்தது" என்ற பதில் வரமுதலே பெட்டி பொறுமை இழந்து மறுபடி அனுப்பிவிடும். அதனால் அவர்களும் பெட்டியை மாற்றாமல் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றினார்கள். முறை வைத்துப் பேசும்படி எழுதிய அந்த மென்பொருளால் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது என்று 2007இல் வெளியிட்டார்கள்.

அதே குழுவினர் நீண்ட தூர இணைப்புகளில் பொதிகள் ஏன் தொலைகின்றன என்றும் அளந்து பார்த்தார்கள். பெரிய காரணமாக அவர்கள் கண்டது, சுற்றுவட்டாரத்தில் உள்ள வேறு வைஃபை அனுப்பிகளின் குறுக்கீடு. வயல்வெளிக்கு மேலால் போன இணைப்பு நன்றாக இருந்தது, நகரத்துக்கு மேலால் போனது அடிபட்டது. எங்கள் வரவேற்பறைக்கும் அறைக்கும் இடையே பத்து மீற்றர்தான். நோய் அதே நோய். நமக்கு அருகிலும் ஒரு முன்னோடி உண்டு. வில்பத்துக் காட்டோரம், அனுராதபுர மாவட்டத்து மஹவிலச்சிய கிராமத்தில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிய ஹொரைசன் லங்கா வழியாக, 2006இல் வீடுகள் கம்பியில்லா வலையமைப்பில் இணைக்கப்பட்டன. வவுனியாவில் இருக்கும் நாங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே வளர்ந்திருக்கிறோம்.

இனி சந்தேகத்துக்கு வருகிறேன். ஓப்பன்டபிள்யூஆர்டீயின் முதற்பக்கத்திலேயே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் உண்டு. பழைய கடவுச்சொல்லையே வைத்துவிட்டு ஒரு வாரம் பார்த்தேன். உம்மாவின் போன், வாப்பாவின் போன், என் மடிக்கணினி, தம்பியின் டப்லெட், தொலைக்காட்சி. ஐந்துக்கு மேல் ஆறாவது ஒன்று ஒரு நாளும் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டரிலும் இதே பட்டியல் இருந்தது. நாங்கள் மூன்று தடவை கடவுச்சொல்லை மாற்றினோமே தவிர ஒரு தடவை அதைத் திறந்து பார்க்கவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "அப்ப அந்தப் பொடியன் அங்க ஏன் நிக்கிறான்?" என்று கேட்டார். அதற்கு ஸ்கேனில் பதில் இல்லை. போய்க் கேட்டால்தான் தெரியும். உம்மாவும் நானும் ஒரு பீங்கானில் தொதல் எடுத்துக்கொண்டு போனோம்.

அன்ரியின் ரவுட்டர் எங்கள் மதிலைப் பார்த்த ஜன்னல் கட்டில் இருந்தது. வீட்டின் மற்ற அறைகளுக்கு அது எட்டவில்லை. அதனால் தம்பி இரவில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று வகுப்புக் கேட்டிருக்கிறான். தன் சொந்த வைஃபையில். நான் விஷயத்தைச் சொன்னபோது அன்ரி சிரித்துவிட்டு, "எங்களுக்கும் இரவில இழுக்காது பிள்ளை. உங்கட ரவுட்டர்தான் எங்கட சிக்னலை அமத்துது எண்டு இவர் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். உம்மா என்னைப் பார்த்தார். நான் தொதலைப் பார்த்தேன்.

உண்மையில் அவர் சொன்னதும் பாதி சரிதான். நாங்களும் அவர்களுக்குத் தட்டிக்கு அந்தப் பக்கத்து இரைச்சல்தானே. தம்பியின் ரவுட்டரை அவனே திறந்து 1ஆம் அலைவரிசைக்கு மாற்றி, அகலத்தை 20ஆகக் குறைத்தான்; நான் பக்கத்தில் நின்று சொன்னேன், கடவுச்சொல்லை அவன் அடிக்கும்போது திரும்பிக்கொண்டேன். ரவுட்டரை ஜன்னலில் இருந்து எடுத்து வீட்டு நடுவில் ஒரு தட்டில் வைத்தோம். நாங்கள் 11க்குப் போனோம். முன்பு இரவில் என் மடிக்கணினியில் இருந்து ரவுட்டர் வரை ஒரு கேள்வி போய்வர 200 மில்லிசெக்கன் வரை எடுக்கும், சிலவேளை பதிலே வராது. இப்போது 3, 4.

ஆனாலும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். எட்டு மணியில் இருந்து பத்து மணி வரை இணையம் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். அது ரவுட்டருக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட விஷயம்; ஊரே ஒரே நேரத்தில் அதைப் பாவிக்கிறது. வைஃபை ஸ்கேன் அந்தப் பக்கத்தைக் காட்டாது. நானாவின் முகம் மாத்திரம் இப்போது உறைவதில்லை.

பெற்றோர்கள் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேன் என்பது எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்படுவதைக் கேட்பது. வீதியில் நடக்கும்போது வீட்டுப் பெயர்ப்பலகையை வாசிப்பதைப் போன்றது. கதவைத் திறப்பது வேறு. எங்கள் பட்டியலில் ஒன்று பூட்டே இல்லாமல் கிடந்தது. நான் தொடவில்லை. அனுமதியின்றி இன்னொருவரின் கணினியிலோ வலையமைப்பிலோ நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். பூட்டில்லாதது அனுமதி ஆகாது. இந்த எல்லையில் பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். வீதிகளைப் படம் பிடிக்கப் போன கூகிளின் கார்கள் பூட்டில்லாத வைஃபைகளில் ஓடிய உள்ளடக்கத்தையும் சேர்த்துப் பதிந்திருந்தன என்று 2010இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பெயர்ப்பலகை என்றேன். அந்த ஒன்பதில் ஒன்று ஒரு பெண்பிள்ளையின் முழுப்பெயர். இன்னொன்றில் ஒரு தொலைபேசி இலக்கம். ஒரு நொடிக்குப் பத்துத் தடவை, இரவு பகலாக, வீதியில் போகிற யாருக்கும். அந்தப் பிள்ளை நமது கல்லூரியில் படிப்பவர் என்பதால் நேரில் சொன்னேன், அன்றே மாற்றிவிட்டார். பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். மறைத்தாலும் அறிவிப்புப் போய்க்கொண்டே இருக்கும், பெயர் மட்டும் வெறுமையாக. அதோடு இணைய வேண்டிய போன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தேடும். நல்ல நீளமான கடவுச்சொல்லும் டபிள்யூபீஏ2 அல்லது 3 என்ற பூட்டும் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு பெயரும் போதும். எங்களுடையது இப்போது ஒரு குளத்தின் பெயர்.

நேற்றிரவு மறுபடி ஸ்கேன் பண்ணினேன், தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. பத்துப் பெயர்கள் வந்தன. புதியது 9ஆம் அலைவரிசையில், அகலம் 40, பலம் கழித்தல் 58. அவ்வளவு பலம் என்றால் மூன்று வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பின்வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று உம்மா சொன்னார். வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.